விலைக்கு வாங்கிய பனை

திருநெல்வேலிச் சீமையில் பனையைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே மனிதர் எங்கள் சித்தப்பாவாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை நிற்கிற பூமி இது. வேலை விஷயமாகப் பெங்களூர் போனவர், அங்கே ஒரு நர்சரியில் முழங்கால் உயரச் செடி ஒன்றை வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வெளிநாட்டுக் குட்டைப் பனையாம். வெயிலுக்கும் சாகாது, பனிக்கும் சாகாது, உப்புக் காற்றுக்கும் சாகாது என்று கடைக்காரர் சொன்னாராம். எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏம்வே, பதநீர் எப்ப இறக்குவீரு?” என்று கேட்டார். அம்மா அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

சித்தப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கல்யாணமான நாலாவது மாதமே கப்பல் ஏற வேண்டி வந்தது. கிளம்புகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “இது பட்டுப்போகாமப் பாத்துக்கோ. நானும் முழுசா வந்து சேந்துருவேன்” என்று சித்தியிடம் விளையாட்டாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அந்தத் தொட்டிக்கு நடந்த சேவை இருக்கிறதே, அடேயப்பா! காலை வெயில் கிடைக்க முற்றத்துக்கு வரும். உச்சி வெயிலுக்கு முன்னால் கூடத்து ஜன்னலோரம் போய்விடும். ஒரு பக்கமே சாய்ந்து வளரக்கூடாதென்று வாரத்துக்கு ஒருமுறை சித்தி தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைப்பாள். இரண்டு விரலை மண்ணுக்குள் விட்டு, உள்ளே காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஈரத்துணியால் ஒவ்வொரு ஓலையையும் துடைத்துவிடுவாள். காம்பு முழுக்க முள், கையெல்லாம் கீறல். என் முகத்தைக்கூட எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு பொறுமையாகத் துடைத்துவிட்டதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய் மட்டும் பத்தொன்பது வயதுக்கு இருந்தது. குந்தி உட்கார்ந்தால் நட்டநடுவில் கூம்பி நிற்கிற குருத்து என் கண்ணுக்கு நேராக வரும் என்பதால், அதன் வளர்ச்சியைக் கண்காணிக்கிற அதிகாரி நான்தான். காலையில் பல் தேய்த்ததும் சித்தி கேட்பாள்: “ஏட்டி, வளந்திருக்கா?” நான் ஒற்றைக் கண்ணை மூடி அளந்து பார்த்து, “வளந்திருக்கு சித்தி” என்பேன். அதற்கு ஒரு துண்டு வெல்லம் கிடைக்கும்.

இந்த நல்ல உத்தியோகத்தை நானே கெடுத்துக்கொண்டேன். அந்த வருடக் குருத்தோலை ஞாயிறு வந்தது. மாதா கோயிலில் எல்லோரும் பனங்குருத்தைப் பிடித்துக்கொண்டு பவனி போவார்கள், வருடா வருடம் நடப்பதுதான். எனக்குள் ஒரு சாத்தான் பேசியது: எல்லார் கையிலும் ஊர்ப் பனை, என் கையில் மட்டும் வெளிநாட்டுப் பனை இருந்தால் எப்படி இருக்கும்? சித்தி குளிக்கப் போன நேரம் பார்த்து, தையல் கத்தரிக்கோலை எடுத்துக் குருத்தை அடியோடு ஒட்ட நறுக்கிவிட்டேன்.

கோயில் வாசலில் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைக்குத்தான் என்மேல் இரக்கம் வந்தது. “உனக்கு மட்டும் ஏம்ட்டி இத்தனூண்டு குடுத்தாங்க?” என்று கேட்டு, தன் ஓலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து எனக்குக் கொடுத்தாள். அவமானமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் தொட்டியின் நடுவில் மொட்டையாக ஒரு குழி. அப்போதுதான் எனக்குச் சித்தப்பா சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. இது பட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாரே! அந்தப் பிள்ளை கொடுத்த பனங்குருத்துத் துண்டை மடக்கி, கூம்பாக்கி, அந்தக் குழிக்குள் செருகி வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். அசல் குருத்து மாதிரியேதான் தெரிந்தது. கெட்டிக்காரிதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை சித்தி கேட்டாள். “வளந்திருக்கா?” ஆசீர்வதித்த ஓலையைப் பார்த்துக்கொண்டே, “வளந்திருக்கு சித்தி” என்று பொய் சொன்னேன். வெல்லம் கிடைத்தது. தின்னாமல் எறும்புக்குப் போட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் சித்தப்பாவின் போன் நின்றுபோனது. எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் கூப்பிட்டுவிடுவார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்குள் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கிக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தவர் கூப்பிடவில்லை. ஈஸ்டரும் போனது. அப்பா கம்பெனிக்குப் போன் போட்டால், “தகவல் வந்ததும் சொல்லுதோம்” என்பதோடு வைத்துவிட்டார்கள். டிவியில் கடற்கொள்ளையர் செய்தி வந்தால் அப்பா அவசரமாகச் சேனலை மாற்றுவார்.  சாப்பாட்டுத் தட்டு எல்லாம் பாதியிலேயே நின்றது.

எனக்கு மட்டும் காரணம் தெரியும். நான் நறுக்கிவிட்டேன், அதனால்தான் சித்தப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது. ஈஸ்டருக்கு முன்னாலேயே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வாய் வரவில்லை. “ஒரு செடியக் கிள்ளிட்டேன் சாமி” என்று பாவத்தைச் சுருக்கிவிட்டேன். அவரும் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி விட்டுவிட்டார். மூன்று எங்கே போதும்! முன்னூறு சொன்னேன்.

சித்தி தொட்டியை என்னென்னவோ செய்தாள். வெயிலில் வைத்தாள், உள்ளே வைத்தாள். தண்ணீரை நிறுத்தினாள். வேர் அழுகிவிடக்கூடாதென்று மேல்மண்ணைக் கிளறி ஆற்றுமணல் போட்டாள். “அந்தச் செடிய விட்டுட்டு ரெண்டு வாய் சாப்பிடேம்மா” என்று அம்மா கெஞ்சினாள். ஆனாலும் காலையில் என்னைக் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. செருகிய ஓலை பழுத்து, பிறகு காய்ந்து, விறகுச் சுள்ளி மாதிரி ஆகிவிட்டது. அதைக் காட்டித்தான் கேட்டாள்: “வளந்திருக்காட்டி?”

“வளந்திருக்கு சித்தி.”

“எவ்வளவு?”

“நெல்லு அளவுக்கு.”

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

சித்தப்பாவின் பேச்சு நின்ற பதினெட்டாம் நாள் மத்தியானம் போன் அடித்தது. அப்பா எடுத்தார். “ஏலே! எங்கலே இருக்க?” என்று கத்தினார். கப்பல் இன்ஜின் பழுதாகி நடுக்கடலில் மிதந்துகொண்டு கிடந்ததாம், சிக்னல் இல்லையாம், இப்போதுதான் கரைக்கு இழுத்து வந்தார்களாம். சித்தி போனைக் காதில் வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே இருந்தாள். அம்மா அழுதாள். எதிர்வீட்டு அண்ணாச்சி மூக்கைச் சிந்தினார். நான்தான் எல்லோரையும்விடப் பெரிதாக அழுதேன். அப்பாடா! என்னால் சித்தப்பா சாகவில்லை.

இரண்டு நாள் கழித்து இன்னொரு அதிசயம். குழிக்குள்ளிருந்து உண்மைக் குருத்து எழும்பி, என் காய்ந்த ஓலையை வெளியே தள்ளிப்போட்டது. அடிப்பகுதி சாகவேயில்லை. கடைக்காரர் சொன்னது மெய்தான். நறுக்கிய இடத்திலிருந்து வளர்ந்துகொண்டே வந்து, ஒரு மாதத்தில் விசிறியாக விரிந்தது. மற்ற ஓலைகளுக்கெல்லாம் நுனி கூர்மையாக இருக்க, அதற்கு மட்டும் ஒவ்வொரு விரலும் கத்தரித்த மாதிரி சமமாக நின்றது. கையெழுத்துப் போடாத குறைதான். சித்தி அதையும் துடைத்துவிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் சித்தப்பா வந்தார். கறுத்து, மெலிந்து, முழுசாக வந்தார். தொட்டியைப் பார்த்ததும், “இது ஒண்ணு மட்டும் ஏன் மொட்டையா இருக்கு?” என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“நம்ம பிள்ள பாத்த வேல. வெட்டிட்டுப் பனங்குருத்தச் செருகி வச்சிருந்தா” என்றாள் சித்தி.

“எப்ப கண்டுபிடிச்ச?”

“அன்னைக்கே. பனங்குருத்து தெரியாமலா நான் இந்த ஊர்ல பொறந்தேன்?”

“ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டேனே, தினமும். வளந்திருக்கான்னு கேப்பேன். வளந்திருக்கு சித்தின்னு சொல்லுவா. அதக் காதுல வாங்கினாத்தான் எனக்கு அடுப்பப் பத்தவைக்கக் கை ஓடும்.”

 சித்தப்பா சித்தியின் கீறல் விழுந்த கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அடி விழாது என்று தெரிந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காய்ந்த சுள்ளி என்று தெரிந்தும் அது வளர்ந்திருக்கிறதா என்று தினம் கேட்பார்களா யாராவது? எங்கள் சித்தி கொஞ்சம் அசடுதான் என்று முடிவுகட்டிவிட்டு விளையாடப் போய்விட்டேன்.