ஒரே நாளில் வாங்கிய இரண்டு கேபிள்கள்

என் வீட்டுக்காரர் கார் எலக்ட்ரீஷியன். கருகிய வயரை மோந்து பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். கார்களோடு நாள் முழுக்கப் பேசுவார். மனிதர்களிடம் பேசினால்தான் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் எதிரிலேயே தம்பியைக் கன்னாபின்னாவென்று திட்டினார். கூடவே வேலை செய்துவந்த கொழுந்தன், இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது.

பிரியும்போது, ஒரே நாளில் சேர்ந்து வாங்கிய இரண்டு கேபிள்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். காரையும் கம்ப்யூட்டரையும் இணைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கிற கேபிள். அதன் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் ஒரு குட்டிச் சிப். அதிலுள்ள புரோகிராம்தான் அதற்கு உயிர். போன வாரம் "அப்டேட் செய்யலாமா?" என்று கம்ப்யூட்டர் கேட்க, இந்த மனிதர் படித்துக்கூடப் பார்க்காமல் சரி என்று தட்டிவிட்டார். மலிவுக் கேபிள், அப்டேட்டைத் தாங்கவில்லை. சிப் சுத்தமாகக் காலி.

திரும்ப எழுத, அதே மாதிரி சிப்பிலிருந்து நகல் எடுக்க வேண்டும். அது தம்பியிடம் இருக்கிறது. இவருடைய வீம்பு விடுமா? என்னை அனுப்பினார். "அண்ணன் வரலையா அண்ணி?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கொழுந்தன் கேபிளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

இவர் இரண்டு பெட்டிகளையும் திறந்து, பச்சைப் பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அச்சு அசல் ஒன்றுபோல் இருந்தன. ஒரு பொட்டு மை வைத்து அடையாளம் செய்திருக்கலாம். செய்யவில்லை. செத்த சிப்பிலிருந்து வெறுமையை நகலெடுத்து, தம்பியின் நல்ல சிப்பில் எழுதித் தொலைத்தார். இப்போது இரண்டும் காலி.

புதுசு வாங்கி என் கையிலேயே கொடுத்தனுப்பிவிடுவதாகச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்.

"கெடுத்தது நீங்க. போய்ச் சொல்ல வேண்டியதும் நீங்கதான். இதோட உறவு அத்துப்போச்சுன்னா, அப்புறம் எந்தக் கேபிள வெச்சு ஒட்டுவீங்க?"

சட்டையை மாற்றி, இரண்டு கேபிள்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். கொழுந்தனின் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆபீசருக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றார்.

"உன்னோடதையும் கெடுத்துட்டேன்டா. அன்னிக்கு அந்தாள் முன்னாடி உன்னத் திட்டினதும் தப்புதான்."

கொழுந்தன் கையை நீட்டினார். கேபிளை வாங்கிச் சிப்பில் நாலு வயர்களைப் பற்றவைத்தார். கம்ப்யூட்டரில் எதையோ தேடித் திறந்தார். ஐந்து நிமிடத்தில் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. வாங்கின அன்றே நகல் எடுத்து வைத்திருந்தாராம்.

"அப்போ அந்த ஃபைலையே குடுத்தனுப்பியிருக்கலாமேடா?" என்றார் இவர்.

கொழுந்தன் நிமிராமல் அடுத்த சிப்பில் வயரை வைத்தார்.

"ஃபைலத் திருப்பித் தர யாரும் வர மாட்டாங்கண்ணே."