காப்புக் கட்டிய வாரத்தில் ஓர் இறுதி ஆட்டம்

திருவண்ணாமலையில் பெண்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஹாக்கி ஆடினோம் என்று சொன்னால் என் மகனே நம்புவதில்லை. "சும்மா அளக்காதம்மா" என்கிறான். அளப்பதற்கு நான் என்ன துணிக்கடையா வைத்திருக்கிறேன்? ஆடினோம். எழுபதுகளின் நடுவில் தொடங்கி எண்பதுகள் பிறந்த பிறகும் ஆடினோம். வேலூரில் ஜெயித்தோம், சேலத்தில் ஜெயித்தோம், கோயம்புத்தூர்க்காரிகளை அவர்கள் ஊரிலேயே அழவைத்துவிட்டு வந்தோம்.

எல்லாம் அரிசி மில் முதலாளியின் மகளால் வந்த வினை. மெட்ராஸ் ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு ஊர் திரும்பியவள், ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சக்கர ஷூக்களோடு வந்து இறங்கினாள். அவள் கல்லூரியில் பழசு என்று கழித்துப்போட்டவையாம். எங்களுக்கெல்லாம் மூத்தவள், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கேப்டனும் அவள்தான், கோச்சும் அவள்தான். அந்தச் சக்கரம் உருள்வதற்கு ஊரில் இருந்த ஒரே தரை, அவள் அப்பாவின் மில்லில் அவித்த நெல்லைக் காயப்போடும் சிமெண்டுக் களம்.

சக்கரத்துக்கு அடியில் ஒரு நெல்மணி மாட்டினால் போதும், குப்புற விழ வேண்டியதுதான். நெல் துழாவுகிற பெண்கள், "ஏ பொண்ணுங்களா, பல்லு போச்சுனா எவன்டி கட்டிக்குவான்?" என்று கத்துவார்கள். விழுந்து எழுந்து, நெல் சிதறிய தரையிலேயே நிற்கப் பழகிவிட்டோம். அதனால்தான் வெளியூரில் கூட்டிப் பெருக்கி வைத்த தரையில் எங்களை யாராலும் சாய்க்க முடியவில்லை. பாவாடை தாவணியோடு ஆட முடியாதே என்று, கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்த பாய், பைஜாமாவும் இல்லாமல் பேண்ட்டும் இல்லாமல் ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனதற்கு என் மாமா வீட்டுக்கு வந்து குதித்தார். ஜெயித்த படம் பேப்பரில் வந்ததும், அதே மாமா அந்தப் பேப்பரைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் காட்டினார். அட போய்யா என்றிருந்தது எனக்கு.

எங்கள் கோல்கீப்பர் டவுன்காரி இல்லை. மலை சுற்றும் பாதையில் இருந்த ஒரு கிராமத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா மில் களத்தில் நெல் துழாவுகிறவர்களில் ஒருத்தி. அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தவளை, "சும்மா அங்க நில்லு, பந்து வந்தா தடு" என்று அக்கா நிறுத்தினாள். அவள் தடுத்தாள். அப்புறம் எந்தப் பந்தையும் அவள் விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பேச்சு கம்மி, சிரிப்பு ஜாஸ்தி. எனக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

ஒரு வருடம் சேலத்து ஆட்டத்தில் அவள் முட்டி பிசகிவிட்டது. கட்டுப் போட்ட டாக்டர், காலை விந்தித்தான் நடப்பாள் என்று கையை விரித்துவிட்டார். அவள் அம்மா ஊர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். மகள் பழையபடி ஓடினால் ஆடித் திருவிழாவில் தீமிதிக்கிறேன் என்று. கால் சரியானது. ஓடினாள், ஆடினாள், முன்பைவிட நன்றாகவே ஆடினாள். அம்மா மஞ்சள் புடவை எடுத்து வைத்துக்கொண்டு ஆடிக்காகக் காத்திருந்தாள்.

அந்த ஆடியில்தான் மெட்ராசில் மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றோம். எங்களிடம் இல்லாத ஒரே கப்பு அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், தீமிதி முடிகிறவரை அந்த ஊர்க்காரர்கள் வெளியே போகலாம், வரலாம், ஆனால் ராத்திரி ஊரில்தான் படுக்க வேண்டும். அதுவும் தீமிதிக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். இறுதி ஆட்டம் காப்புக் கட்டிய மறுநாளைக்கு மறுநாள் விழுந்தது. டவுன்காரிகளான எங்களுக்குக் கவலையில்லை, முன்கூட்டியே போய் மெட்ராசில் தங்கிவிட்டோம். அவள் மட்டும் விடியற்காலை முதல் பஸ்ஸில் தனியாக வருவது, காலை பத்து மணிக்கு ஆட்டம், மத்தியானப் பஸ்ஸில் திரும்புவது என்று ஏற்பாடு. "போய்ட்டு வரட்டும்மா. பொழுது சாஞ்சதும் வீடு வந்து சேந்தா போதும்" என்று அவள் அம்மாவே எங்களிடம் சொல்லியனுப்பினாள்.

அவள் சரியாக வந்துவிட்டாள். வராதவர் தலைமை விருந்தினர். பெரிய மனிதர், அவர் பந்தைத் தட்டித் தொடங்கி வைத்தால்தான் ஆட்டமாம். சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பத்து பதினொன்றாகி, பன்னிரண்டாகி, சாப்பாட்டு நேரமும் தாண்டியது. கடைசியில் மாலையும் கழுத்துமாக வந்தவர், பெண்மையைப் பற்றிப் பேசினார் பேசினார், அப்படிப் பேசினார். எழுந்துபோய் அந்த மைக்கைப் பிடுங்கலாமா என்று என் கை துடித்தது. ஒருவழியாக ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரம்தான். சடசடவென்று மழை. ஈரச் சிமெண்டில் சக்கரம் நிற்காது. நாளைக் காலை ஏழு மணிக்குத் திரும்ப ஆட்டம் என்று அறிவித்துவிட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு. போவட்டா, இருக்கட்டா?" என்றாள்.

நான் என்ன சொல்வேன்? போ என்றால் கோலில் நிற்க ஆள் கிடையாது, மாற்றுக் கோல்கீப்பர் டைபாய்டில் படுத்திருந்தாள். இரு என்று சொல்ல நான் யார்? அக்காதான், "அம்மாவையே கேட்டுடலாம்" என்றாள். எப்படிக் கேட்பது? தந்தி கொடுக்க முடியாது. எங்கள் பக்கத்தில் தந்தி வந்தாலே சாவுதான், பிரிக்கும் முன்பே ஒப்பாரி தொடங்கிவிடும். அதனால் மில்லுக்கு டிரங்க் கால் போட்டு, அங்கிருந்து சைக்கிளில் ஆள் அனுப்பிக் கேட்கலாம் என்று தபால் ஆபீசில் புக் பண்ணிவிட்டுக் காத்திருந்தோம். "லைன் கெடைக்கலம்மா, இருங்க" என்றார்கள். இருந்தோம். மறுபடி கேட்டோம். "அதான் சொன்னேனே, மழையில லைன் போயிருக்குது" என்றார்கள். பாரிமுனையிலிருந்து கடைசிப் பஸ் போகும் நேரமும் வந்தது, போனது. யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தாள், அவ்வளவுதான். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றோம்.

மறுநாள் காலை ஒரு கோல் கணக்கில் ஜெயித்தோம். அந்த ஒன்றை அடித்தது நான். ஆனால் அன்றைய ஆட்டம் என்னுடையது இல்லை, அவளுடையது. எதிரணி எத்தனை முறை வந்தது, அவள் எங்கெங்கே விழுந்து தடுத்தாள் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. கப்பை வாங்கும்போது எல்லாரும் கத்தினோம். அவள் அப்போதே சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, "பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தீமிதி அன்று சாயங்காலம் நாங்கள் எல்லாரும் அந்தக் கிராமத்துக்குப் போனோம். பூக்குழி தணலாகிக் கனன்றுகொண்டிருந்தது. காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் துணியோடு வரிசையாக நின்றார்கள். வரிசையில் அவள் அம்மாவும் நின்றாள். தர்மகர்த்தா அருகில் வந்து, மெதுவாக, மரியாதையாகத்தான் சொன்னார். "உன் வீட்ல காப்பு மீறிப்போச்சும்மா. இந்த வருஷம் வேணாம். அடுத்த வருஷம் எறங்கிக்கோ."

"சரிங்க" என்று அவள் அம்மா வரிசையை விட்டு நகர்ந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, அவ வேணும்னா தங்குனா? மழை வந்துடுச்சு. மழை பேஞ்சா நாங்க என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "மழை வேணும்னுதானேம்மா ஆத்தாளுக்குக் கூழே ஊத்துறோம்" என்றார். "நீங்க ஜெயிச்சத பேப்பர்ல பாத்தேன். ரொம்ப சந்தோஷம்."

பம்பை முழங்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தணலில் இறங்கினார்கள். அவள் அம்மா ஓரமாகக் கைகூப்பி நின்றாள். மகள் அவள் பின்னால் நின்றுகொண்டு, அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்திருந்தாள். அழவில்லை. அழுதது நான்தான்.

அதற்குப் பிறகு அவள் களத்துக்கு வரவில்லை. அடுத்த ஆடியில் அம்மா தீமிதித்து வேண்டுதலை முடித்தாள், அப்போதும் வரவில்லை. வேறு கோல்கீப்பரை வைத்துக்கொண்டு இன்னும் சில கப்புகள் ஜெயித்தோம். பிறகு ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போக, எங்கள் டீம் தானாகக் கரைந்தது. ஆனால் அதற்குள் அவளைக் கூப்பிட எத்தனை முறை அந்த வீட்டுக்குப் போனோம்! யாராவது தடுத்திருந்தால் சண்டை போட்டாவது இழுத்து வந்திருப்பேன். தடுக்க யாருமே இல்லை.

"நீங்க சொல்லுங்கம்மா" என்று அவள் அம்மாதான் எங்களிடம் கெஞ்சுவாள். "நான் சொல்லிப் பாத்துட்டேன், காதுலயே வாங்க மாட்டேன்றா. அந்தக் காலு ஓடணும்னுதானே வேண்டிக்கினேன்? இப்பிடி ஊட்ல உக்கார வெக்கவா?"

நாங்களும் சொல்வோம். அக்கா அதட்டிச் சொல்வாள், நான் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி அதே சிரிப்போடு, "வுடுங்கடி, எனக்கு வரல" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது. திரும்பும்போது அவள் அம்மா எங்களோடு ரோடு வரைக்கும் நடந்து வந்து, மகளுக்குக் கேட்காத குரலில், "அடுத்த வாரமும் வந்து கூப்புடுங்கம்மா" என்பாள்.

அடுத்த வாரமும் போனோம். அவள் எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.