பானையில் கூடிப்போன தண்ணீர்

அப்பாவின் காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து நெஞ்சில் வைத்துத் தைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. பயத்தைவிட ஆச்சரியம்தான் எனக்கு அதிகமாக இருந்தது, இப்போது ஒத்துக்கொள்வதற்கு என்ன? காலில் இருந்தது நெஞ்சுக்குப் போனால் தன் பழைய வேலையை மறந்துவிடுமா? அப்பா நடக்கும்போது மட்டும்தான் அதில் ரத்தம் ஓடுமா? எடுத்த இடத்தில் காலுக்கு என்ன கொடுப்பார்கள்? கேட்ட இடத்திலெல்லாம் வாயை மூடு என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

கரமனையில் ஆற்றுக்கு இறங்கும் அக்ரகாரத் தெருவில் எங்கள் வீடு. டாக்டர் முதலில் நாள் குறித்துக் கொடுத்தது ஆற்றுக்கால் பொங்காலைக்கு முந்தின வாரம். அப்பாவின் மூத்த சகோதரியான அத்தை வலியசாலையிலிருந்து பெட்டியோடு வந்து எங்களுடன் தங்கியிருந்தாள். அவள் குறுக்கே விழுந்துவிட்டாள். பொங்காலை இட்டு, பானை பொங்கி, ஆற்றுக்கால் அம்மை கேட்டுவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் தம்பி மேல் கத்தி படலாம் என்றாள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது என்று டாக்டரும் தேதியை மாற்றினார். ஊரிலுள்ள பெண்களெல்லாம் தெருத்தெருவாக மூன்று செங்கல் வைத்துப் பொங்கலிடும் அந்த நாளில், எங்கள் பானை ஒழுங்காகப் பொங்கியே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது.

காத்திருந்த நாட்களில் எனக்கு வேறு வேலை இல்லாததால் வீட்டிலுள்ளவர்களை வேவு பார்த்தேன். அறுபது தாண்டிய அத்தை சண்டை போட்டாள். பால்காரரோடு, பூக்காரியோடு, ஆள் அகப்படாதபோது மோட்டார் பம்போடு. அம்மா சமையலறையிலிருந்த டப்பாக்களையெல்லாம் கவிழ்த்துக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் கடுகு இருந்த டப்பாவில் 'கடுகு' என்று எழுதினாள். அதோடு மிகவும் சாதுவாகிவிட்டாள். நான் ஒரு கண்ணாடித் தம்ளரை உடைத்தபோதுகூட, காலில் குத்திக்காமல் நகர்ந்து நில் என்று மட்டும் சொன்னாள்.

பிளஸ் டூ பரீட்சை எழுத இருந்த அக்கா, நாலு நிறப் பேனாவில் டைம்டேபிள் போட்டாள். மறுநாள் கிழித்துவிட்டு வேறொன்று போட்டாள். எந்நேரமும் காதில் இயர்போன். அவள் குளிக்கப் போன சமயம் அதை எடுத்து நான் காதில் வைத்துப் பார்த்தேன். பாட்டே ஓடவில்லை. அப்பாவோ, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், ஊருக்கே பைபாஸ் போட்டாயிற்று, எனக்குப் போட்டால் என்ன என்று ஒரே தமாஷைச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களும் தவறாமல் சிரித்தார்கள்.

நான் மட்டும்தான் எப்போதும்போல இருக்கிறேன் என்று எனக்கு ஒரு கர்வம். மத்தியானம் அப்பா தூங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் அவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்பேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று. அதை நான் ஆராய்ச்சி என்று எண்ணியிருந்தேன்.

பொங்காலை நாளும் வந்தது. எங்கள் வாசலுக்கு நேரே தெருவில் செங்கல் வைத்து, புதுப் பானையில் அரிசி களைந்து போட்டு, அத்தை தண்ணீர் அளந்து ஊற்றினாள். முக்கால் பானை, அதற்குமேல் அரை விரல் ஏறக்கூடாது என்று எங்கள் மூன்று பேரையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாள். கரி விழாமல் ஒரு தட்டைப் போட்டு மூடினாள். ஆண்பிள்ளைகளுக்கு அங்கே காரியமில்லை. அப்பாவை மாடியில் தெருப்பக்கத்து அறையில் ஜன்னலோரம் உட்கார வைத்திருந்தோம். கோயிலில் முதல் அடுப்பு மூட்டி, அந்தத் தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்கள் தெருவுக்கு வந்து சேரும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதென்றால் யாரும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. எங்கள் செங்கலை யாரோ நகர்த்திவிட்டதாக அத்தை தெருமுனைக்குச் சண்டைக்குப் போனாள். அம்மா அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கப் போனாள். அக்கா அடுப்பெரிக்கத் தென்னம்பாளைக் கொதும்பு எடுத்துவர உள்ளே போனாள். பானைக்குக் காவலாக நான் மட்டும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. முக்கால் பானைத் தண்ணீர் பொங்கி வழியாமல் போய்விட்டால்? தட்டைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் முக்காலுக்கு மேலேயே நின்றது. அத்தைக்கு வயதாகிவிட்டது, கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பாட்டிலில் பாதியைச் சாய்த்து, தட்டை மூடிவிட்டு, பக்கத்து அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர்கள் திரும்பி வந்ததும் வெயில் தாங்காமல் நானும் எழுந்து உள்ளே போய் வந்தேன்.

தீ வந்தது. ஓலை பிடித்தது. சற்று நேரத்தில் தட்டு ஆடத் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்களுக்காக நாக்கைச் சுழற்றிக் குரவையிட ஆரம்பித்தார்கள். பானை பொங்கியது. ஒரு பக்கமாக அல்ல, நாலா பக்கமும். தட்டைத் தள்ளிவிட்டு நுரையும் கஞ்சியுமாக வழிந்து அடுப்புக்குள் இறங்கியது. உஸ்ஸென்று ஒரு சத்தம், தெரு மறையுமளவுக்குப் புகை, அடுப்பு அணைந்துவிட்டது. குரவை பாதியில் நின்றது.

அரைப் பாட்டில் தண்ணீருக்கு இவ்வளவு சக்தியா என்று எனக்குத் திகைப்பு. உடனேயே அடுத்த நினைப்பும் வந்துவிட்டது. அப்பாவை நான் கொன்றுவிட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகமில்லை. ஒரு வாரமாக ஓயாமல் சண்டை போட்ட அத்தை குனிந்து அணைந்த அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அம்மா பானையைச் சுற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். அக்கா கண்ணைக் கசக்கி, புகை என்றாள். நெடுமங்காட்டிலிருந்து வந்து பக்கத்தில் பொங்கலிட்டுக்கொண்டிருந்த மலையாளத்துப் பெண்மணிதான், "சாரமில்ல மோளே" என்று தேற்றி, தன் அடுப்பிலிருந்து எரியும் ஓலையொன்றை எடுத்து நீட்டினாள். மறுபடி மூட்டினோம். பொங்கல் பாயசம்போல ஓடியது. நைவேத்தியம் ஆனதும் ஆளுக்கொரு கிண்ணத்தில் குடித்தோம்.

சாயங்காலம் நாலு மணிக்கு என்னால் தாங்க முடியவில்லை. மாடிக்குப் போய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, நான்தான் பானையில் தண்ணீர் விட்டேன் என்று சொல்லி அழுதேன்.

அப்பா சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்ததால் எனக்கு அழுகை கூடியது.

"நான் இங்கேருந்து எல்லாம் பார்த்துண்டுதானே இருந்தேன். அளந்து காட்டினாளே உன் அத்தை, நீங்க அந்தண்டை திரும்பினதும் அவளே ஒரு சொம்பு விட்டா. அப்பறம் நீ. நீ உள்ளே போனப்போ அக்கா. கடைசியா, அக்கா தெருவைப் பார்த்துண்டு நிக்கறச்சே, அம்மா."

என் அழுகை பட்டென்று நின்றது. நாங்கள் நாலு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இதைச் செய்தோம் என்பதைவிட சுவாரசியமான விஷயத்தை நான் அதுவரை கேட்டதில்லை. உடனே கீழே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாதே, கேட்டியா. அம்மாக்குப் பயம், பேடி ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுண்டாக்கும் அக்கா தைரியமா நிக்கறா. அக்கா படிக்கறாளேன்னு அம்மா நிக்கறா. அவா ரெண்டு பேரும் அத்தையைப் பார்த்துண்டு நிக்கறா. இப்போ போய் நீ ஒண்ணும் சொல்லாதே."

ரகசியம் ஒன்று கிடைத்த பெருமையில் தலையாட்டினேன். கையோடு, இத்தனை நாளாக வைத்திருந்த சந்தேகத்தையும் அவரிடம் கேட்டேன். கால் ரத்தக்குழாய்க்கு நெஞ்சில் என்ன செய்ய வேண்டுமென்று எப்படித் தெரியும்?

அப்பா கொஞ்சம் யோசித்தார். தெரியாதென்றும், டாக்டரிடம் அவரும் கேட்கவில்லையென்றும் சொன்னார். ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே, ஆட்கள் தெருவிலிருந்து செங்கற்களைப் பொறுக்கி லாரியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. இன்றைக்கும் அப்பா காலையில் ஆற்றங்கரைவரை நடந்துவிட்டு வந்து, இட்லிக்கு உப்பு போதவில்லை என்று குறை சொல்கிறார். தண்ணீர் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அத்தை தெரியாமலேயே போய்ச் சேர்ந்தாள். அம்மாவும் அக்காவும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறார்கள்.

ஆனால் அன்றைக்கு அது எதுவும் தெரியாது. ஆபரேஷனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. கீழே எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்னை விளையாடக் கூப்பிட்டார்கள். அப்பா என் கையை விடவில்லை. அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது.

"சித்த நாழி இங்கேயே இரேன்" என்றார்.

நான் பயந்திருக்கிறேன் என்று நினைத்துத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. "எனக்குப் பேடியெல்லாம் போயாச்சுப்பா" என்று சொல்லிவிட்டு, கையை உருவிக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.