அண்ணன் கேட்ட முகவரி

என் வலது கையில் மூன்று விரல்களை அண்ணன் உடைத்தபோது நான் ஒரு டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடியில் தனியாகக் குடியிருந்தேன். கம்பெனி சென்னையில், வேலை வீட்டிலிருந்தே. பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு தனியார் மருத்துவமனையின் நோயாளி விவரம் முழுவதும் கிளவுடில் ஒரே டேட்டாபேஸில் இருந்தது. அதைப் பூட்டிக் காப்பதும், நிற்காமல் ஓடவைப்பதும், புதிய பதிப்பு வந்தால் மாற்றுவதும் என் பொறுப்பு.

அண்ணன் சங்கராபுரம் பக்கத்தில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வந்தால் கைக்கு எது கிடைக்கிறதோ அதை வைத்து அடிப்பான். சின்ன வயதில் நான் வாங்கியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு எல்லாம் அண்ணிக்கு விழுந்தது. அண்ணி மலைக்காரப் பெண், கரியாலூர். ஒருநாள் மோட்டார் கொட்டகையில் வைத்து ஸ்பேனரால் அவள் தாடையில் அடித்தான். உடைந்த தாடையோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

முதலில் அவன் மலைக்குத்தான் போனான். அவள் அங்கே இல்லை. மண்வெட்டிக் காம்பால் மாமனாரின் காலை முறித்துவிட்டு, அறுத்து வைத்திருந்த சாமைக் கதிருக்கு நெருப்பு வைத்துவிட்டு இறங்கினான். அவர் போலீசுக்குப் போகவில்லை. போனால் மகளைத் தேடிப்பிடித்துக் கொன்றுவிடுவான் என்று பயந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அவன் என் மாடிக்கு ஏறி வந்தான். சாப்பாட்டு நேரத்தில் மருத்துவமனையில் கூட்டம் குறையும் என்பதால் அந்த இடைவெளியில் மாற்றிவிட அனுமதி வாங்கியிருந்தோம். பழையது ஓடிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே புதிய பதிப்பில் அதன் நகல் தயாராகி, வரும் மாற்றங்களை எல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போனதும் மருத்துவமனையின் இணைப்பைப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும்.

"இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன் கதவைத் தாழிட்டான்.

"வேலையா இருக்கேண்ணா. சாயங்காலம் வா."

கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். உங்கள் மருத்துவமனைக் கணக்கின் கைபேசி எண் மாற்றப்பட்டது என்று அதில் ஒரு குறுஞ்செய்தி. அண்ணிக்குப் பிரசவம் பார்த்த கணக்கு அது. அப்போது அவன் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். யாராவது ஏமாற்றி எண்ணை மாற்றினால் தெரியட்டும் என்று பழைய எண்ணுக்கு எச்சரிக்கை போவது பாதுகாப்பு விதி. தாடைக்கு வைத்தியம் பார்க்கப் போன ஏதோ ஒரு கிளையில் அண்ணி எண்ணை மாற்றியிருக்கிறாள். விதி அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"உங்க ஆஸ்பத்திரிதானே இது. இப்ப இன்னா அட்ரஸ் குடுத்துருக்கான்னு பாரு."

"அதெல்லாம் மறைச்சு வெச்சிருக்குண்ணா. என்னாலயே படிக்க முடியாது."

அது பாதி உண்மை. பெயரும் முகவரியும் என் கண்ணுக்கு வெறும் எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். ஆனால் யார் படிக்கலாம் என்று அனுமதி கொடுக்கும் அதிகாரமும் என்னிடம்தான் இருந்தது. எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டால் படித்துவிடலாம். அது பதிவாகும், பிறகு என்னைக் கேள்வி கேட்பார்கள். அதற்குள் அவன் அண்ணி வீட்டு வாசலில் நிற்பான்.

அவனுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் என்னைத் தெரியும்.

"பூட்டு போட்டவ நீ. சாவி வேற யாராண்ட இருக்கும்? முடியலயா, மாட்டியா?"

"மாட்டேன்."

விசைப்பலகைமேல் இருந்த என் கையோடு சேர்த்து லேப்டாப்பை மூடி, அதன்மேல் முழங்காலை வைத்து அழுத்தினான். எலும்பு முறிவது காதில் கேட்டது. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. திரும்பவும் கேட்டான். நான் தலையை ஆட்டினேன். சார்ஜர் ஒயரைப் பிடுங்கி என் கழுத்தில் சுற்றி இழுத்தான். அவன் மணிக்கட்டைக் கடித்தேன், தோல் பிய்ந்து என் வாயில் அவன் ரத்தம் உப்பாக இருந்தது. ஒயரை விட்டான். லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தான். அது இரண்டாகும்வரை அடித்தான்.

"இப்ப மொத்தமும் போச்சா?"

"அது இதுக்குள்ள இல்லண்ணா. மும்பையில எங்கியோ இருக்கு."

நான் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்தானோ என்னவோ, என் விலாவில் உதைக்கத் தொடங்கினான். நான் மேசைக்கு அடியில் சுருண்டுகொண்டேன். இன்று செத்துவிடுவேன் என்று தெளிவாகத் தோன்றியது.

கடைக்காரர், நான் பாய் என்று கூப்பிடுபவர், அப்போதுதான் ஜும்ஆ தொழுகை முடிந்து திரும்பியிருந்தார். மேலே சத்தம் கேட்டு, ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியோடு ஓடிவந்து தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு நுழைந்தார். அண்ணனின் தோளில் ஓங்கி அடித்தார். அவன் சரிந்த பிறகும் அடித்தார்.

"போதும் பாய், செத்துருவான்," என்றேன்.

கம்பியைப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். "நான் யாரையும் அடிச்சதில்லமா," என்றார்.

அவருடைய கைபேசியை வாங்கி, சென்னையில் என்னோடு வேலை செய்யும் அக்காவைக் கூப்பிட்டேன். "முதல்ல என் லாகினை மூடுங்க. அப்புறம் மாத்துறத நீங்க முடிச்சுடுங்க." அவர் ஏன் என்று கேட்கவில்லை, என் குரலே போதுமாக இருந்திருக்கும். நகல் ஏற்கெனவே ஒத்துப்போயிருந்தது. திருப்பிவிட்டார். சாப்பிட்டுத் திரும்பிய மருத்துவமனை ஆட்களுக்கு எதுவுமே தெரியவில்லை.

லாகினை மூடச் சொன்னது அண்ணனுக்குப் பயந்து அல்ல. அம்மா வருவாள் என்று தெரியும். அண்ணனைப் போலீஸ் கொண்டுபோன பிறகு வந்தாள். கட்டுப்போட்ட என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கூடப் பொறந்தவன உள்ள வெச்சுட்டியே. அவ இருக்கிற எடத்த சொல்ட்டு கேச வாபஸ் வாங்கு. அவன் போய் நல்லபடியா கூட்டியாந்துடுவான்."

"என்னால உள்ள போக முடியாதும்மா. மூடிட்டாங்க."

இந்த முறை அது முழு உண்மை. அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

விரல்கள் கோணலாகத்தான் சேர்ந்தன. நடுவிரல் இன்னும் மடங்காது. அந்தக் குறுஞ்செய்தி விதியை மாற்றச் சொல்லி மருத்துவமனைக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். பழைய எண்ணுக்குச் சொல்லலாமா என்று நோயாளியைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்பது மட்டும்தான் என் கோரிக்கை. நெடுநாள் இழுத்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

வழக்கு நடந்தபோது அண்ணி சாட்சி சொல்ல வந்தாள். வாய் முழுதாகத் திறக்கவில்லை. நீதிபதி திரும்பத் திரும்பச் சத்தமாகப் பேசச் சொன்னார். கூண்டில் நின்ற அண்ணன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்க்கவே இல்லை. ஸ்பேனரைப் பற்றிச் சொன்னாள், அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னாள். தண்டனை கிடைத்தது.

வெளியே வந்து டீ குடித்தோம். பன்னை டீயில் ஊறவைத்துத்தான் அவளால் தின்ன முடிந்தது.

"நீங்க பாக்கவே இல்லியா, நான் எங்க இருக்கேன்னு?" என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி."

சொல்ல வாயெடுத்தாள். வேண்டாம் என்றேன். பேருந்து நிலையம்வரை கூடப் போனேன். அவள் குழந்தையோடு ஏறும்போது, அது எந்த ஊர்ப் பேருந்து என்று பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டேன்.