திறந்து வெச்ச லேப்டாப்பும் என் தங்கச்சி அட்ரஸும்

எனக்கு ஒரு இடத்துல சும்மா உக்காரத் தெரியாது. பஸ்ஸுல கூட ஸ்டாப்பிங் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து கம்பியப் புடிச்சிக்கினு நிப்பேன். அப்படிப்பட்ட என்னை விழுப்புரத்துல அந்தக் குடும்பக் கவுன்சிலிங் ஆபீஸ் நாற்காலியில உக்கார வெச்சாங்க பாருங்க, அன்னிக்குப் பட்ட அவஸ்தை எந்த எதிரிக்கும் வேணாம்.

விஷயம் இதுதான். என் தங்கச்சி புருஷன விட்டுட்டு வந்துட்டா. கொஞ்ச நஞ்ச அடி இல்ல. கடைசியா தோசைக் கரண்டியக் காய வெச்சு முழங்கைக்கு மேல வெச்சான் அந்தப் பாவி. அதுக்கப்புறம் ஒரு நாள் கூட நான் விடல. அவளையும் அவ மகளையும் கண்டமங்கலத்துலேர்ந்து கூட்டிக்கினு வந்து, திண்டிவனத்துல ஒரு மாடி ரூம் பாத்துக் குடி வெச்சேன். விழுப்புரத்துல என் வீட்டுல வெச்சா மறுநாளே வாசல்ல வந்து நிப்பான். திண்டிவனத்துல ஜவுளிக்கடையில பில் போடுற வேலை கெடச்சுது. புள்ளையப் பக்கத்து ஸ்கூல்ல சேத்தோம். அவ எங்க இருக்கான்னு எங்களத் தவிர தெரிஞ்சது ஒரே ஆளுக்கு, அந்த ஆபீஸ் கவுன்சிலரம்மாவுக்கு.

அட்ரஸ் கேட்டப்ப நான் குடுக்க மாட்டேன்னுதான் நின்னேன். "யார் கண்ணுலயாவது பட்டுச்சுன்னா என்னங்க பண்றது?" அந்தம்மா சிரிச்சிக்கினே லேப்டாப்பத் தட்டிக் காட்டினாங்க. "டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் பண்ணியிருக்குங்க. இத எவனாவது திருடிக்கினு போனாலும் பாஸ்வேர்டு இல்லாம ஒரு எழுத்து படிக்க முடியாது. டிஸ்க்கக் கழட்டி வேற மெஷின்ல மாட்டினாலும் வெறும் குப்பையாத்தான் தெரியும்." நல்ல மனுஷிதான். என் தங்கச்சி அழுதப்ப தன்னோட டிபன் பாக்ஸத் தொறந்து, ஊட்டாத குறையா சாப்பிட வெச்சவங்க. நம்பித்தான் குடுத்தேன்.

அந்த லேப்டாப்புக்கு பேட்டரி செத்துப் போச்சு. எந்நேரமும் ஒயர்லயே இருக்கணும். பிளக் பாயிண்டோ, வந்தவங்க உக்கார்ற பக்கத்துச் செவுத்துல. ஒயர் பத்தாம, லேப்டாப்ப மேசையோட இந்த மூலைக்கு இழுத்து பக்கவாட்டுல திருப்பி வெச்சிக்கினு, எட்டி எட்டி டைப் அடிப்பாங்க. "ஒயர மிதிச்சிடாதீங்க, ஆஃப் ஆயிடுச்சுன்னா ஒரே பேஜாரு, முழ நீளத்துக்கு பாஸ்வேர்டு அடிக்கணும்"னு வர்றவங்க போறவங்க கிட்டலாம் சொல்லிக்கினே இருப்பாங்க. அந்தச் சள்ளைக்காகவே எழுந்து போனாலும் ஸ்கிரீனப் பூட்ட மாட்டாங்க. அது தானா அணையறதையும் நிறுத்தி வெச்சிருந்தாங்க.

அன்னிக்கு ரெண்டு பக்கத்தையும் பேச வரச் சொல்லியிருந்தாங்க. தங்கச்சிக்குப் பதிலா நான் போனேன். அவ புருஷன் முன்னாடியே வந்து உக்காந்திருந்தான். அயர்ன் பண்ண சட்டை, நெத்தியில விபூதி, பொண்ணு பாக்க வந்தவனாட்டம். "வாங்கக்கா, நல்லா இருக்கீங்களா?"ன்னான். என் கால் ஆடிக்கினே இருந்துச்சு.

கவுன்சிலரம்மா எங்க கேஸத் தொறந்து வெச்சிக்கினு ரெண்டு கேள்வி கேட்டிருப்பாங்க. பக்கத்து ரூம்லேர்ந்து ஆபீஸ் பெரிய மேடம் கூப்ட்டாங்க. மேடம் கூப்ட்டா அங்க யாரும் பேனாவக் கூட மூட மாட்டாங்க. போட்டது போட்டபடி ஓடணும், அதுதான் மரியாதை. "ஒரு நிமிஷங்க"ன்னு சொல்லிட்டு ஓடிட்டாங்க.

செவுத்தோரமா நான். எனக்குத் தெரிஞ்சது லேப்டாப்போட முதுகு. அவன் உக்காந்திருந்தது அந்தப் பக்கம். ஸ்கிரீன் அவன் மூஞ்சிக்கு நேரா, அதுல எங்க கேஸு, தங்கச்சி அட்ரஸோட.

அவன் மொதல்ல பாக்கல. காலண்டரப் பாத்தான், ஃபேனப் பாத்தான். கவுன்சிலரம்மாவக் கூவிக் கூப்பிடலாமா? "ஏங்க, இத மூடிட்டுப் போங்க"ன்னு கத்தினா, பாக்காதவனையும் பாக்கச் சொன்ன மாதிரி ஆயிடும். சும்மா இருக்கவும் முடியல. திருடிக்கினு போறவனுக்குத்தான் அவ்ளோ பெரிய பூட்டு. நாற்காலி போட்டு எதிர்ல உக்கார வெச்சவனுக்கு ஒரு பூட்டும் கெடையாது. இது அந்தம்மாவுக்குத் தோணல, அட்ரஸக் குடுத்தப்ப எனக்கும் தோணல.

அவன் கழுத்து மெதுவாத் திரும்புச்சு. நான் கைய நீட்டி லேப்டாப்ப மூடப் போனேன். "அக்கா, ஆபீஸ் சாமான், தொடாதீங்க"ன்னான், சிரிச்சிக்கினே. கண்ணு மட்டும் ஸ்கிரீன விட்டு வரல.

போடா நீயும் உன் ஆபீஸ் சாமானும்! குனிஞ்சு செவுத்து பிளக் சுவிட்ச அணைச்சேன். லேப்டாப் பொசுக்குனு இருட்டாச்சு.

"என்னக்கா, கரண்ட்டு போயிடுச்சா?"ன்னான். மேல ஃபேன் சுத்திக்கினு இருந்துச்சு.

கவுன்சிலரம்மா ஓடி வந்து, "ஐயோ, யாருங்க ஒயர மிதிச்சது?"ன்னு அலுத்துக்கினே பாஸ்வேர்டு அடிக்க உக்காந்தாங்க. இப்பதான் அது நெஜமாவே பூட்டியிருந்துச்சு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. அவனும் அன்னிக்கு ரொம்ப சாது. சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினான், காட்டின எடத்துல கையெழுத்துப் போட்டான். "அவ எப்ப வர்றாளோ வரட்டும்ங்க, நான் கட்டாயப்படுத்தல"ன்னான். தப்பிச்சோம்டா சாமின்னு நெனச்சேன்.

வெளியில வந்து செருப்பு மாட்டும்போது கேட்டான்: "மாடி ரூம்ல புள்ளைக்கு வெயில் தாங்குதாக்கா?"

நான் ரோட்டுக்கு ஓடினேன். தங்கச்சிக்கு போன் போட்டு, "ஜல்தியா புள்ளைய ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கினு கடைக்குப் போயிடு, ரூம் பக்கம் போகாத"ன்னேன். அவ ஏன்னு கூடக் கேக்கல. திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸுல நின்னுக்கினே போனேன், சீட்டு காலியா இருந்துச்சு. போற ஒவ்வொரு பைக்கையும் எட்டிப் பாத்தேன், அவன்தான் போறானோன்னு. அன்னிக்கே ரூமக் காலி பண்ணோம். வேலையும் போச்சு. எந்த ஊருக்குப் போனோம்னு இங்க எழுத மாட்டேன்.

கவுன்சிலரம்மா அப்புறம் போன் பண்ணாங்க. விஷயத்தச் சொன்னேன். அழுதாங்க. எனக்கு அவங்க மேல கோவமும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு. கடைசியா தயங்கித் தயங்கிக் கேட்டாங்க, "புது அட்ரஸச் சொல்றீங்களா? கேஸுல ஏத்தணும். இப்ப புது லேப்டாப்புங்க, இதுவும் என்கிரிப்ட்தான்." நான் போன வெச்சுட்டேன்.

மறு வாரம் புள்ளைய வேற ஸ்கூல்ல சேக்கக் கூட்டிக்கினு போனோம். டீச்சர் கன்னத்தத் தட்டி, "வீடு எங்கடா கண்ணு?"ன்னு ஆசையாத்தான் கேட்டாங்க. அது அவங்கம்மா மூஞ்சியப் பாத்துச்சு, என் மூஞ்சியப் பாத்துச்சு. அப்புறம் "தெரியாது மிஸ்"னு சொல்லிட்டு வாய மூடிக்கிச்சு.

நாங்க யாரும் அதுக்கு அப்படிச் சொல்லிக் குடுக்கல.