மூன்று தீவுக்கு ஒரு நாற்காலி

பிரிட்ஜ்டவுனில் இருக்கும் எங்கள் வளர்ச்சி வங்கியில் பெரிய நாடுகளுக்குத் தனித்தனி இயக்குநர் உண்டு. சின்னத் தீவுகள் மூன்று சேர்ந்தால்தான் ஒரு நாற்காலி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அது கை மாறும். ஒரு தீவுக்காரர் இயக்குநராக முன்னால் உட்கார்ந்தால், அடுத்த முறைக்குரியவர் மாற்று இயக்குநராகப் பின்னால் உட்காருவார். இயக்குநர் கூட்டத்தில் இருக்கும்வரை மாற்று இயக்குநருக்கு ஓட்டு கிடையாது. மூன்று தீவின் ஓட்டும் முன்னால் இருப்பவர் கையில். அதைப் பிரித்துப் போடவும் முடியாது.

இஸ்மே குவாஷி பின்னால் உட்கார்ந்தவள். தன் தீவின் நிதி அமைச்சகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலே வந்தவள். முன்னால் இருந்த லெனக்ஸ் டுரன்ட் பக்கத்துத் தீவுக்காரர். அவளோடு கல்லூரியில் படித்தவர், அவள் மகனுக்கு ஞானத்தகப்பன். நான் அந்தக் கூட்டங்களில் குறிப்பு எடுப்பவள். மதியம் மூவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்.

அந்த வருஷம் இஸ்மேயின் தீவுக்குக் கடல் தடுப்புச் சுவர் கட்டக் கடன் கேட்டு மனு வந்தது. அவள் பிறந்த மீனவர் குடியிருப்பில் முதல் வரிசை வீடுகளைப் புயல் கொண்டுபோயிருந்தது.

"நீ இருக்கேன்னுதான் லெனக்ஸ், ஊர்ல வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டிருக்கே? உன் சுவர்னா என் சுவர் இல்லியா? கோலா மீன் ஆறுது, சாப்பிடு."

மறுநாள் கூட்டத்தில் லெனக்ஸ் மைக்கை அழுத்தினார். "எங்கள் மூன்று நாடுகளும் இதை ஒத்திவைக்க விரும்புகின்றன."

இஸ்மே எழுந்துவிட்டாள். "தலைவரே, அதுல என் நாட்டு ஓட்டும் இருக்கு!"

"இயக்குநர் பேசிட்டாரும்மா. விதி உங்களுக்குத் தெரியாததா?"

அந்த நாற்காலியின் ஓட்டில்தான் கடன் தள்ளிப்போனது.

வெளியே வராந்தாவில் அவரை மறித்தாள். "ஞானஸ்நானத்துல என் பிள்ளையத் தாங்கின கைடா அது. அந்தக் கையாலயே என் ஊர் ஓட்டை என் ஊருக்கு எதிராப் போட்டுட்டியே!"

"தள்ளித்தானே வச்சிருக்கு. அரசியல் தெரியாமப் பேசாதே."

எந்த அரசியல் என்று மழைக்காலம் முடிவதற்குள் தெரிந்தது. தன் நாட்டுத் துறைமுகத்துக்கு அந்தப் பணத்தைத் திருப்பிவிட நினைத்த வங்கித் தலைவர், லெனக்ஸைத் துணைத்தலைவர் பதவிக்கு முன்மொழிந்தார்.

இஸ்மே ஊருக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவள் சித்தி மகன் கார்னெட் படகைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "அப்ப அங்க எதுக்குக்கா உக்காந்திருந்தே?"

முறை வந்தபோது அவளே இயக்குநரானாள். அதற்குள் இரண்டாவது வரிசையும் கடலுக்குள் போய், கார்னெட் குடும்பம் மலைப்பக்கம் ஏறியிருந்தது. முதல் கூட்டத்திலேயே சுவருக்கான கடனை மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினாள். துறை அறிக்கையோடு வந்திருந்த லெனக்ஸ் கை நீட்டினார்.

"ஜெயிச்சிட்டே இஸ்மே!"

"நன்றி, துணைத்தலைவரே," என்றாள் அவள், கையைப் பார்க்காமல். "அறிக்கையை மேசையில வச்சிட்டுப் போங்க."