பெயர்ச்சொல் மட்டுமே இருந்த மொழி

மலாயாவில், கோலா பிலா சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாக இருந்தேன். சென்னையில் கல்லூரிக் கல்வி முடித்தவன். இலக்கணத்தில் பரிசு பெற்றவன். தோட்ட மேலாளரான துரையின் அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்ட தமிழர்கள், கணக்கெழுதும் பெரிய கிராணியும் நானும் மட்டுமே. நடந்தவற்றைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுவது முறை.

பிரிட்டிஷாரை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து போரிட்ட அவசரகாலத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. மாலையில் ஊரடங்கு தொடங்கியதும் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள். அந்த மாலைகளில்தான் பள்ளிக்கூடக் கரும்பலகையில் நான் ஒரு புதிய மொழியை ஆக்கினேன். பெயர்ச்சொல்லில் தொடங்கினேன், வினை பிறகு வரட்டும் என்றிருந்தேன். உயர்திணை, அஃறிணை என்பதை விடுத்து, பெயர்களை நிற்பன, நடப்பன, வழிவன என்று மூன்றாகப் பகுத்தேன். ‘மிலு’ என்றால் மரப்பால். ‘டோ’ என்ற விகுதி சேர்ந்து ‘மிலுடோ’ என்றானால் பால் எடுப்பவர். ‘நா’ சேர்ந்து ‘மிலுநா’ என்றானால் பால் சேரும் இடம், அதாவது ஸ்டோர். பன்மைக்கு மலாய்க்காரர் வழக்கப்படி சொல்லையே இரட்டித்தேன்.

அரிசி, காடு, துப்பாக்கி ஆகியவற்றுக்கு மட்டும் வேர்ச்சொல் தரவில்லை. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போகிறதா என்று வாயிலில் ஒவ்வொருவரையும் சோதித்த காலம் அது. அந்தப் பேச்சே வேண்டாம் என்பது என் முன்யோசனை.

பள்ளிக் கொட்டகையில் காஸ் விளக்கு இருந்ததால் பால்மரம் வெட்டும் பெண்கள் வந்து உட்கார்வார்கள். பலகையைப் பார்த்து விளக்கம் கேட்டார்கள், சொன்னேன்.

“வாத்தியாரே, புருசன எதுல போடுறது?” என்றார், கங்காணி வேலை பார்த்த மண்டோரின் மனைவி.

“நடப்பனவற்றில்.”

“எங்க நடக்குறாரு? கள்ளுக்கடையில நின்னா நின்னதுதான். நிக்கிறதுல போடுங்கலா!”

வாசலில் நின்ற மண்டோர், “அப்ப ஒன் வாயி? அது வழியிறதுதானே?” என்றார். கொட்டகை அதிர்ந்தது.

விரைவிலேயே அவர்கள் தாமாகவே சொல் புனையத் தொடங்கினார்கள். தண்ணீர்க் குழாய்க்கு நான் சொல் தந்திருக்கவில்லை. மண்டோரின் மனைவி, சண்டையைக் குறிக்கும் ‘கெபு’வோடு ‘நா’வைச் சேர்த்துக் குழாயடியைக் ‘கெபுநா’ என்றார். விதிப்படி அதில் பிழையே இல்லை. கல்லூரியில் பரிசு வாங்கிய அன்றுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

ஒருநாள் விடியலில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்தபோது, துரையோடு ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியும் வந்திருந்தார். களம் பள்ளியை ஒட்டியது, நானும் நின்றிருந்தேன். கிராணி பெயர் படித்தார். ‘இருக்கேன்’ என்று சொல்லவேண்டிய மண்டோரின் மனைவி, வாய்ப்பழக்கத்தில் “மிலுடோ!” என்றார். அடுத்தவரும் “மிலுடோ!” என்றார். வரிசை முழுவதும் அப்படியே போயிற்று.

அதிகாரி சிரிக்கவில்லை. இது யாருக்கான இரகசிய மொழி, யார் செய்தது என்று கேட்டார், கிராணி மொழிபெயர்த்தார். சந்தேகம் விழுந்தால் விசாரணையின்றிக் காவலில் வைத்துவிடும் காலம். ஆக்கியவன் நான் என்று தெரிந்தால் என் பதவியும் போகும், நற்பெயரும் போகும்.

மண்டோரின் மனைவி முன்னால் வந்தார். “நாங்கதான் தொர, சும்மா வெளையாட்டுக்கு. வாத்தியாருக்கு ஒன்னுமே தெரியாது.”

ஒன்றுமே தெரியாது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அதிகாரியின் முன் சென்று, இம்மொழியின் பெயரிலக்கணம் முழுவதும் என்னுடையது என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். என்ன சொன்னேன் என்பதைக் கிராணி மற்றவர்களுக்குச் சொன்னார்.

“காப்பாத்த விடுறாரா பாரு இந்த மனுசன்!” என்று மண்டோரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

அரிசிக்கு என்ன சொல் என்றார் அதிகாரி. இல்லை என்றேன். காட்டுக்கு? இல்லை. துப்பாக்கிக்கு? அதுவும் இல்லை. அவர் நம்பாமல் கிராணி வழியாகப் பெண்களைக் கேட்டார்.

“அரிசிக்குப் பேரு கேட்டா குடுக்க மாட்டேங்குறாரு தொர! கடைக்காரரு மாதிரி இவரும் அளந்துதான் குடுப்பாரு” என்றார் மண்டோரின் மனைவி.

பிறகு என்னதான் இருக்கிறது என்று அதிகாரி கேட்க, அந்த அம்மாள் குழாய்ப் பக்கம் கையைக் காட்டி, “கெபுநா” என்றார். கிராணி பொருள் சொன்னார். அங்கே, வேலைக்கு வராத இரண்டு பெண்கள் ஒரே வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அரிசி கேட்க முடியாத மொழி காட்டில் இருப்பவர்களுக்கு எதற்கு என்று துரையிடம் சொல்லிவிட்டு, தம்மை எந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறேன் என்று என்னைக் கேட்டார். நடப்பனவற்றில் என்றேன். அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். பெரட்டுக் களம் முழுவதும் “மிலுடோ! மிலுடோ!” என்று ஆர்ப்பரித்தது. அன்று மாலை கொட்டகையில் உட்கார இடமில்லை.

இன்றும், தோட்டத்து ஆட்கள் குடியேறிய ரஹாங்கில் நடக்கும் கல்யாண விருந்துகளில், அந்த மொழியை மண்டோரின் மனைவிதான் ஆக்கினார், வாத்தியார் பலகையில் எழுதியதோடு சரி என்று சொல்கிறார்கள். அது தவறு. வேர்ச்சொற்களும் விகுதிகளும் நான் ஆக்கியவை. அவர் ஆக்கியது கெபுநா.